மேக்னட் பக்கத்து சீல்

ஜனவரி 6
பால் கேன்களோடு அரியலூர் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஆர்எக்ஸ் 100 எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் உருளாமல் இழுத்தது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் அவர் விழவில்லை. குன்னம் பக்கத்துப் பால்காரர். பொங்கல் நெருங்குகிற நேரம்.

ஜனவரி 7
மாப்பிள்ளையின் எக்ஸ்எல்லில் பால் போயிற்று. எல்லா வீட்டிலும் தாமதம்.

ஜனவரி 9
திண்ணையில் சாக்கை விரித்து ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினார். எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் நெடுகக் கீறல். உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈஷியிருந்தது. போன வருடம்தான் ஒரு பட்டறையில் பிஸ்டன் மாற்றியது. இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 10
திருச்சியிலிருந்து ஓர் இளைஞர் விலை கேட்டு வந்தார். எஸ்கார்ட்ஸ் தயாரித்த இந்த வண்டி 1985இல் வந்து 1996இல் நின்றுபோனது. 98 சிசி, 11 குதிரைத்திறன். இன்றும் கிராக்கி குறையவில்லை. பால்காரருக்குக் கோபம்தான் வந்தது. பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த வண்டி. மனைவிதான் மோர் கொடுத்து அனுப்பினார்.

ஜனவரி 12
சிலிண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு அரியலூர் லேத்துக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள், வெள்ளைத் தூசி. 50 மி.மீ. போரை ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்பக் கடைய வேண்டும். லேத்துக்காரர் சிலிண்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“போரு அடிச்சுக் குடுத்துருவேண்ணே. ஆனா எதனால புடிச்சுதுன்னு பாத்தீங்களா?”

“ஆயில் பம்பு நல்லாத்தான் இருக்கு.”

“சூடானா ஐடிலிங் தானா ஏறுச்சா?”

ஏறியது. மாதக்கணக்காக ஏறியது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகின்றன. கிராங்க் ஓரத்து ரப்பர் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோலின் பங்கு குறையும். பிஸ்டன் சூடேறி வீங்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஜனவரி 16
மாட்டுப் பொங்கல். எருமைக்குக் கொம்பில் வர்ணம் அடித்தார். வண்டியைத் தொடவில்லை.

ஜனவரி 18
புல்லர் போட்டு மேக்னட்டை எடுத்தார். அதன் பின்னால் இருந்த சீலின் உதடு கட்டையாக இறுகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. புதுசை அடித்து உட்கார வைத்தார். மகன் டார்ச் பிடிக்க, பிஸ்டன் ரிங்கின் முனைகளைப் பள்ளத்துப் பின்களில் பொருத்தினார். விலகினால் முனை போர்ட்டில் மாட்டி ஒடிந்துவிடும். பிஸ்டன் தலை அம்புக்குறி எக்ஸாஸ்டைப் பார்த்திருக்கிறதா என்று மகனிடம் இருமுறை கேட்டார். மதியத்துக்கு மேல் இருவரும் பேசியது எஞ்சினைப் பற்றி மட்டுமல்ல. மகன் திருப்பூருக்குக் கிளம்ப இருந்தான். மறுநாள் போகலாம் என்றான்.

ஜனவரி 19
உதைத்தார். பிடித்தது! தெருவே திரும்பிப் பார்த்தது.

ஜனவரி 27
ஐடிலிங் சீராக நிற்கிறது. ஆனால் கியர் ஆயில் குறைகிறது, புகை வெள்ளையாக வருகிறது. அப்படியென்றால் கிளட்ச் பக்கத்து சீல். அதற்கு இன்னும் உள்ளே போக வேண்டும். ஆயில் அளவைக் குறித்து வைத்துவிட்டு, விடிகாலைப் பாலுக்குக் கேன்களைக் கழுவப் போனார். மகனுக்குப் போன் பண்ணலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.