விரல்களுக்குத் தனி ஞாபகம்

தேயிலைத் தோட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணிடம் முதலில் சொல்லப்படுவது ஒரே விஷயம்தான்: "ரெண்டு இலை, ஒரு மொட்டு." கேட்டவுடன் புரிந்துவிடும். செடி முன்னால் போய் நின்றால்தான் கை திணறும். எதைக் கிள்ளுவது, எதை அடுத்த சுற்றுக்கு விட்டுவைப்பது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். பக்கத்து வரிசையில் இருபது வருஷ அனுபவம் உள்ள அக்கா, பேச்சை நிறுத்தாமலே இரண்டு கையாலும் பறித்தபடி நகர்ந்துவிடுவார். "எப்படிக்கா?" என்று கேட்டால், "பறிக்கப் பறிக்க வந்துடும்மா" என்பதுதான் பதில்.

மழுப்பலாகத் தோன்றும் அந்தப் பதிலில் மூளை விஞ்ஞானமே இருக்கிறது.

1953-ல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு, வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போனது. சற்று முன் பார்த்தவரையே மறந்துவிடுவார். பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நமக்கே கை கோணலாகப் போகும் வேலை அது. மூன்று நாள் பயிற்சி நடந்தது. முன்பு செய்த ஞாபகமே மொலைசனுக்கு இல்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. வாய் சொல்லும் ஞாபகம் வேறு, கை பழகும் ஞாபகம் வேறு என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

ஆனால் பயிற்சி என்றதும் நாம் என்ன செய்கிறோம்? ஹால், நாற்காலி, புரொஜெக்டர், இரண்டு மணி நேரப் பேச்சு, டீ, வடை, குரூப் போட்டோ. கேட்டதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே மறந்துபோகும் என்பதை ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே, தன்னைத் தானே சோதித்து எழுதிவைத்துவிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பழகுவதே நிற்கும் என்றும் அவர் கண்டார். வடை மட்டும் ஞாபகம் இருப்பதில் ஆச்சரியமில்லை!

நீலகிரியில் ஒரு காலத்தில் இந்தக் கவலையே இல்லை. 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்காக 1968-ல் தொடங்கிய அரசுத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ ஆனது. வந்தவர்களில் பலர் கையில் தொழிலோடு கப்பலேறியவர்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். வரிசையில் நிற்பது ஜார்க்கண்டிலிருந்து வந்த தம்பதி. தமிழில் இரண்டு மணி நேரம் பேசி என்ன பயன்?

இங்கேதான் செல்போன் கைகொடுக்கும். கொழுந்து கிள்ளும் விரலை மெதுவாக ஓடவிட்டுக் காட்டும் ஒரு நிமிட வீடியோவுக்கு மொழி தேவையில்லை. வேலை தொடங்கும் முன் வரிசையிலேயே ஒருமுறை, நாலு நாள் கழித்து இன்னொரு முறை காட்டலாம். புதியவரின் கையையே படமெடுத்து அங்கேயே காட்டினால் இன்னும் நல்லது. சாயங்காலம் எடை போடும்போது முள் காட்டுவது கிலோவை மட்டும்தான். எந்த விரல் எங்கே தப்பியது என்று அது சொல்லாது. முற்றிய இலை கலந்தால் ஃபேக்டரியில் விலை குறையும், அது யாருடைய தவறு என்று அப்போது தேடிப் பயனில்லை.

இப்போது கத்தரியைத் தாண்டி, அறுவடை மெஷினும் மலையேறிவிட்டது. இதில் அனுபவசாலிகளுக்கே சிரமம் அதிகம். பல வருஷம் பழகிய விரலை ஒதுக்கிவிட்டு, தோளும் முதுகும் புதிதாகப் பழக வேண்டும். ஒரு நாள் செய்து காட்டிவிட்டு மறுநாளே முழு எடை கேட்பது நியாயமில்லை. பழகும் நாட்களில் கூடுதல் கிலோவுக்கான காசு போய்விடுமோ என்ற பயம் இருக்கும்வரை, யார்தான் மெஷினை முதலில் தூக்க முன்வருவார்கள்? அந்தச் சில வாரக் காசைத் தோட்டமே ஏற்றுக்கொள்ளலாம். மெஷின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் பெரிய செலவில்லை.