காதலும் செங்கொடியும் ஒரே மேடையில்

1952 டிசம்பரில், கொல்லத்தை அடுத்த சவறாவில் கேபிஏசி எனப்படும் கேரள மக்கள் கலைக் கழகம் மேடையேற்றிய ‘நிங்ஙளென்னெ கம்யூணிஸ்டாக்கி’, அதாவது ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்’ என்னும் நாடகம், தலைமறைவு வாழ்க்கையில் இருந்த தோப்பில் பாசியால் எழுதப்பட்டது.

நிலக்கிழாரை எதிர்க்கும் இளைஞன் கோபாலன்மீது உழவர்குலப் பெண் மாலா கொண்ட காதல் கைகூடாமல் போவதும், பழமையில் ஊறிய அவன் தந்தை பரமு பிள்ளை இறுதியில் செங்கொடியை ஏந்துவதும், ஓ.என்.வி. குறுப்பின் வரிகளாலும் தேவராஜனின் இசையாலும் மக்கள் மனத்தில் பதிந்தன.

1953இல் அரசு நாடகத்துக்குத் தடை விதித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில், கடலுக்கு அப்பால், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 முதல் அவசரகாலத்தில் இருந்த மலாயாவின் முதல் ‘வெள்ளைப் பகுதி’, அதாவது ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்ட வட்டாரம், மலாக்காவில் அறிவிக்கப்பட்டது.

அதே மலாக்காவில் உள்ள இன்றைய புக்கிட் காத்தில்வாசிகளோ, புரட்சிப் பாடலுக்கு முகநூலில் இதயக்குறி இட்டதும் கடமை முடிந்ததெனத் தே தாரேக் அருந்தச் செல்லும் வீரர்கள்.

1949இல் தூக்கிலிடப்பட்ட மலாயாத் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியின் காலத்தையும், அக்காலத் தோட்டத்து இளையோரின் காதலையும் சேர்த்துப் பாடும் இசைநாடகம் ஒன்று எழுதப்பட்டால், அதற்கு எந்த மண்டபம் கதவு திறக்கும்?