தார்சாவில் ஒரு நீர்த்தாரை

சென்ற சித்திரை மாதத்தில், திருநெல்வேலிக்கே உரிய அந்த உலர்ந்த வெப்பம் ஓட்டுக்கூரையினின்றும் இறங்கி இரவெல்லாம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிற நாட்களில், நான் நித்திரையின்றி வாடுவதைக் கண்டு மனம் பொறாத என் மகள், விடுமுறைக்கு வந்தபோது கருங்கல்லாலான சிறிய நீரூற்று ஒன்றை வாங்கிவந்து, "அப்பா, இதத் தார்சாவுல வச்சுக்கிடுங்க, தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே படுத்தா தூக்கம் வரும்" என்று சொல்லி, வீட்டின் முன்கூடமாகிய தார்சாவில் தானே நீர் நிரப்பி ஓடவிட்டுப் போனாள். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு அரை அடி உயரம் விழுந்து, அடியில் மறைந்திருக்கும் பம்பினால் மீண்டும் மேலே ஏறுகிற நீர். அவ்வளவே அதன் அமைப்பு. அவள் தாய் தை மாதத்தில் காலமானாள். அன்று முதல் நடுநிசிக்குமேல் விழித்துக்கொண்டு விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக் கிடப்பதே என் வழக்கமாகியிருந்தது.

பெட்டிக்குள் இருந்த துண்டுப் பிரசுரம், இந்த நீரூற்று காற்றில் எதிர்மின் அயனிகளை நிரப்பி ஆஸ்துமா, இரத்த அழுத்தம், மனச்சோர்வு முதலிய சகல வியாதிகளையும் போக்கும் என்று உறுதி கூறிற்று. முப்பத்துநான்கு ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவனாகையால், அந்த வாக்கியம் எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பதை நான் அறிவேன். அருவிகளின் அடியில் நீர் மோதிச் சிதறுகையில் சுற்றியுள்ள காற்று எதிர்மின்னேற்றம் பெறுவதைப் பிலிப் லெனார்டு என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1892ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார், அது மெய். ஆனால் குற்றாலத்துப் பேரருவியோ ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, இடையே பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து கொந்தளித்து, பிறகு பாறையில் மோதித் திவலை திவலையாகச் சிதறுவது. என் தார்சாவில் விழுவது அரை அடி. அருவிச் சாரலில் நின்றவனுக்கு உண்டாகும் உற்சாகத்திலேகூட மின்னேற்றத்தின் பங்கு எவ்வளவு, குளிர்ந்த நீரும் மலைக்காற்றும் கவலையை ஊரில் விட்டுவந்த மனமும் கொண்ட பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. மூச்சுத் திணறலால் அவதியுறும் ஒருவர் இந்தத் தாளை நம்பி மருந்தை நிறுத்திவிடுவாரேயானால் என்ன ஆகும் என்று எண்ணியபோது என் நெஞ்சு பதைத்தது.

அது வீட்டைக் குளிர்விக்குமா என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும்; நாள்தோறும் நான் ஊற்றி ஈடு செய்வது அரை லிட்டர்; ஆகவே அது வீட்டிலிருந்து கவர்ந்துகொள்ளும் வெப்பம், வாட்டில் சொன்னால், 14. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித சரீரமோ சுமார் 100 வாட் வெளியிடுகிறது. அதன் அருகே அமர்ந்திருக்கும் என் ஒருவனுடைய உஷ்ணத்தில் ஏழில் ஒரு பங்குதான் அதனால் தணியும். எங்கள் ஊரின் வறண்ட காற்றிலேயே இவ்வளவு என்றால், ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் இதைவிடக் குறைவு.

எனினும் மூன்றாம் நாள் இரவு நான் தூங்கினேன்.

அதன் காரணத்தைத் தேடியபோதுதான், செவியின் வழியே வரும் சௌக்கியத்தை நான் அதுவரை போதிய அளவு மதிக்கவில்லை என்பது விளங்கிற்று. உறங்குகிறவனை எழுப்பிவிடுவது பெரும்பாலும் சப்தத்தின் மிகுதி அன்று, அதன் திடீர்த்தன்மையே. நிசப்தத்தினூடே ஒரு நாய் குரைத்தாலும், தெருக்கோடியில் ஒரு லாரி உறுமினாலும், மனம் திடுக்கிட்டு எழுகிறது. அதே குரைப்பு, இடையறாத ஒரு மெல்லொலியின்மீது வந்து விழும்போது, அதற்குள் அமிழ்ந்து கூர்மழுங்கிவிடுகிறது. ஓடும் நீரின் ஒலி நீரால் உண்டாவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது, விழும் நீர் தன்னோடு இழுத்துச் செல்லும் காற்றுக்குமிழிகள் ஒவ்வொன்றும் சிறு மணிபோல் அதிர்வதனால் பிறப்பது என்பதை மின்னார்ட் என்ற, பெல்ஜியத்தில் பிறந்த விஞ்ஞானி 1933இல் கணித்துக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்குச் சுமார் 3,200 தடவை அதிரும். குமிழி பெரிதாகப் பெரிதாகச் சுருதி தாழும். இதை நினைவிற்கொண்டு, தாமிரபரணிக் கரையில் பொறுக்கிவந்த கூழாங்கற்களை நீர் விழும் இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, கீச்சென்றிருந்த ஒலியைக் கனிந்த மந்தர ஸ்தாயிக்குக் கொண்டுவந்த அந்த மாலைப்பொழுது, பல மாதங்களுக்குப்பின் நான் துக்கத்தை மறந்திருந்த முதல் மாலை.

ஆனி மாதத்தில் மகள் வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கினேன். பம்பை நிறுத்திவிட்டுப் போனவன், நீரை வடிக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்த மறுநாள், டெங்குத் தடுப்புக்காக வீடுவீடாகப் பார்த்துவந்த பெண்மணி தட்டுக்குள் டார்ச் விளக்கை அடித்து, "ஐயா, புழு நெளியுது பாருங்க" என்றாள். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாட்களே போதும். நீரைக் கொட்டினால் மட்டும் தீராது, விளிம்பில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கவேண்டும் என்று அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னபோது, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தார்சாவில் ஓடி விளையாடுவதை எண்ணி நான் நடுங்கிப்போனேன். இதைவிடவும் கொடியது, வெதுவெதுப்பான, மாற்றப்படாத நீரில் வளரும் லெஜியனெல்லா என்னும் கிருமி. நுண்திவலையோடு மூச்சில் கலந்து, கடுமையான நிமோனியாவை உண்டாக்கி, முதியவர்களையும் புகைபிடிப்பவர்களையும் அதிகமாக வாட்டுவது அது. 1992இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்து ஹோட்டல் ஒன்றின் அலங்கார நீரூற்றிலிருந்தே அது பரவிற்று. பிரசுரம் எந்த நுண்திவலையைக் குணம் என்று கொண்டாடிற்றோ, அதுவே கிருமிக்கு வாகனம். வீட்டுக்கு ஏற்றது பீய்ச்சியடிக்கும் நீரூற்று அன்று, வழிந்து விழுவதே என்பது அன்றுமுதல் என் திடமான அபிப்பிராயம்.

ஆகையால் சனிக்கிழமைதோறும் மாலையில் அதைப் பிரித்து, கல்லையும் பம்பையும் தேய்த்துக் கழுவி, இரவு முழுதும் காயவைத்து, ஞாயிறு காலையில் புதுநீர் ஊற்றுகிறேன். அந்த ஓர் இரவு தார்சாவில் சப்தம் இல்லை. எனக்கும் உறக்கம் வருவதில்லை. அப்படி விழித்துக் கிடந்த ஓர் இரவில், மணி இரண்டிருக்கும், எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரும் நேரம், அடுத்த வீட்டில் யாரோ குடம் பிடிக்கிற ஓசை கேட்டது. நீர் ஏற ஏறக் குடத்துக்குள் காற்று குறுகி, சுருதி உயர்ந்துகொண்டே போயிற்று. இதைப் பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். என் மனைவிக்கு அந்த விளக்கம் தெரியாது. ஆனால் இருட்டில், விளக்குப் போட்டால் நான் எழுந்துவிடுவேன் என்று, விளக்கின்றியே, ஒலி உயர்வதைக் கேட்டே குடத்தை மாற்றுவாள். ஒரு துளி வழிந்ததில்லை. முப்பத்தெட்டு வருஷம் அந்த ஓசையின் பக்கத்தில் நான் தூங்கியிருக்கிறேன்.