வீட்டிலிருந்த இரு பிள்ளைகள்

தெஹிவளை என்றதும் கொழும்பு நகரத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருவது மிருகக்காட்சிசாலையே. ஜேர்மானியரான ஜோன் ஹாகன்பெக் விலங்கு வணிகத்தின் பொருட்டு இங்குத் திரட்டி வைத்திருந்த விலங்குகளை, நிறுவனம் நொடித்துப்போன நிலையில், 1936 இல் அரசாங்கம் பொறுப்பேற்றுக்கொண்டது. காலி வீதிக்கும் அந்த மிருகக்காட்சிசாலைக்கும் இடைப்பட்டதோர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கின்றது. காற்று ஓய்ந்த விடியற்காலைகளிற் சிங்கத்தின் குரல் எங்கள் படுக்கையறை வரை வரும். ஊரிலிருந்து வந்து தங்கும் உறவினர், "இந்தச் சத்தத்துக்குள்ள எப்பிடி நித்திரை கொள்ளுறியள்?" என்று வியப்பதுண்டு. சிங்கத்தால் எங்களுக்கு ஒருநாளும் நித்திரை கெட்டதில்லை. கெடுத்தது அதே குடும்பத்தைச் சேர்ந்த மிகச் சிறியதோர் உயிர். மூன்று கிலோகிராம் நிறைதானும் இல்லாத ஒரு பூனை.

2013 ஆம் ஆண்டுத் தென்மேற்குப் பருவமழையின்போது வீதியோரக் கானுக்குள் அகப்பட்டுக் கத்திக்கொண்டிருந்த அக்குட்டியைத் தூக்கிவந்தவர் என் தாயார். அப்பா காலமான பின் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்திருந்தவருக்குக் கொழும்பில் அறிந்தவர் எவருமிலர். பகல் முழுவதும் நானும் மனைவியும் வேலைக்குச் சென்றுவிட, அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தது அந்தப் பூனை ஒன்றுதான். அவர் அதற்குப் பெயரிடவில்லை. "மோனை" என்றே அழைத்தார். சிறுவயதில் என்னை அழைத்ததும் அச்சொல்லாலேதான். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதினைத் தொகுத்து இன்ன உயிர்க்கு இன்ன பெயர் உரியதென வரையறுக்கின்றது. வெருகின் இளமைக்குக் குட்டியும் பறழும் உரியன. அம்மா மரபியலைப் படித்தவரல்லர். படித்திருந்தாலும் அவ்வரையறையைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்.

மறு ஆண்டு எங்கள் மகள் பிறந்தாள். அவள் தவழத் தொடங்கிய காலத்தில் பூனையின் வாலைப் பிடித்தே நிற்கப் பழகினாள் என்று சொன்னால் அது மிகையன்று. பிறந்த ஆறாம் மாதத்திலேயே முழங்கை மடிப்புகளில் ஒருவகைச் சொறி தோன்றியது. இரண்டு வயதில் விடியற்காலைத் தும்மலும் கண் கடியும் வந்தன. இவற்றையெல்லாம் கடற்கரைக் காற்றின் மேற் சுமத்தி வாளாவிருந்தோம். 2017 டிசெம்பரில் ஒருநாள் நள்ளிரவு, மூச்சை உள்ளிழுக்க இயலாமல் அவள் விலாவெலும்புகளின் இடைத்தசை குழிவிழுவதைக் கண்ட பிறகே எங்களுக்கு அச்சம் பிறந்தது. களுபோவிலை வைத்தியசாலையில் முகமூடி வழியே மருந்தாவி கொடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் அவள் மனைவியின் தோளிற் சாய்ந்து உறங்கிவிட்டாள். நாங்கள் இருவரும் விடியும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சில நாட்களின் பின் ஒரு தனியார் மருத்துவ நிலையத்திற் கண்ட வைத்தியர், "வீட்டில் பிராணிகள் உண்டா?" என்று மட்டும் கேட்டார். பூனை என்றதும், "அதை அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லி அடுத்த இலக்கத்தை அழைத்தார். அவர் எங்களோடு செலவிட்ட நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அன்றிரவு மனைவி சொன்னாள்: "மாமியோட நீங்களே கதையுங்கோ. நான் சொன்னா அது வேற மாதிரிப் போகும்." அவள் கூறியதில் நியாயம் இருந்தது. நானோ மூன்று வாரங்கள் கதைக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயரவேண்டியவராயினர். அப்பொழுது எனக்குப் பதினொரு வயது. ஒரு சைக்கிளில் அரிசியும் உடுப்புகளும், மற்றதில் தங்கை. அப்பா மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். எங்களிடம் அக்காலத்தும் ஒரு பூனை இருந்தது. இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில், அம்மா குசினித் திண்ணையில் மூன்று கோப்பைகளிற் சோறு போட்டு, மழை படாதவாறு சுளகால் ஒருபுறம் மறைத்துவைத்தார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதும் சென்றது. மழையும் இருளும் இலட்சக்கணக்கான மனிதருமாய் இருந்த அந்த வீதியில் நடந்துகொண்டு, "மூண்டு நாளைக்குக் காணும், மூண்டு நாளைக்குக் காணும்" என்று அவர் தமக்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தது எனக்கு இன்றும் கேட்கின்றது. நாங்கள் திரும்பியது 1996 ஆம் ஆண்டுச் சித்திரை கழிந்த பின். கோப்பைகள் மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இப்படிப்பட்ட ஒருவரிடம், பூனையை அனுப்பிவிடுங்கள் என்று எந்த வாயால் உரைப்பது? உரைக்கும் துணிவின்றி நான் செய்தது அதனினும் இழிந்ததாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நெடுமால் விஷ்ணு கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், பூனையை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலில் என் கால்கள் சென்றது கடற்கரைப் பக்கம். மீன் விற்குமிடங்களின் அருகே பூனைகளைக் கைவிட்டுச் செல்வோர் பலர். அவை பட்டினி கிடவா என்பது அவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். புகையிரதப் பாதையின் அருகே சிறிது நேரம் நின்றேன். பெட்டிக்குள்ளே அது கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். அந்த மௌனந்தான் என்னை நடக்க வைத்தது. வெள்ளவத்தையில் வாழும் நண்பன் ஒருவனின் வீட்டுக்குச் சென்று, அவன் தாயாரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன்.

அம்மா வாசலிலே நின்றார். பெட்டி கட்டிய சணற்கயிற்றின் மீதி விறாந்தையிற் கிடந்ததை அவர் கண்டிருந்தார். ஏசுவார், அழுவார் என்று எண்ணியிருந்தேன். "சோறு வைச்சனியே?" என்று மட்டும் கேட்டார்.

இத்தனையும் செய்தும் மகளின் முட்டு நிற்கவில்லை. தை மாதத்தில் இருமுறை, மாசியில் ஒருமுறை வந்தது. பூனை குற்றமற்றது போலவும், நான் வீணாகப் பாவம் தேடிக்கொண்டவன் போலவும் ஒரு நிலை தோன்றிற்று. அதன் பின்னரே இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். முன்னரே படித்திருக்க வேண்டும். படிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் தன் வீட்டு விடயத்திற் கடைசியாகப் படிப்பது வழமைதான் போலும்.

பூனை மயிர் வயிற்றுக்குட் சென்றால் முட்டு வரும் என்பது எங்கள் ஊர்களிற் பரம்பரையாகச் சொல்லப்படுவது. அதில் உண்மையின் நிழல் உண்டு. ஆனால் குற்றவாளி மயிரன்று. பூனையின் உமிழ்நீரிலும் தோலின் நெய்ச்சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதமே முதன்மையான காரணி. பெல் டி 1 என்பது அதன் குறியீட்டுப் பெயர். பூனை தன்னை நக்கித் துப்புரவு செய்யுந்தோறும் அது மயிரிற் படிந்து, உலர்ந்து, மிக நுண்ணிய துகள்களாய்க் காற்றிற் கலக்கின்றது. மணிக்கணக்கில் மிதந்தும் நிற்கின்றது. சுவரிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொள்வதால், பூனை அகன்ற பின்னும் அதன் அளவு தாழ்வதற்குப் பல மாதங்கள் செல்லும். உடுப்புகளில் ஏறிப் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் பயணம் செய்யும். பூனையே இல்லாத வீடுகளிலும் அது காணப்படுவது இதனாலேதான். எனவே, எங்கள் வீட்டிலிருந்து போனது பூனை மாத்திரமே. அதன் புரதம் போகவில்லை.

இத்தகைய மாறுபட்ட எதிர்வினையைக் குறிக்க 1906 இல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் பொன் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லைப் படைத்தார். தமிழில் ஒவ்வாமை என்கின்றோம். ஒவ்வுதல் என்பது பொருந்துதல்; நல்ல சொல்தான். எனினும், எது எதனோடு ஒவ்வவில்லை என்பதை அச்சொல் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதற்குப் பரிசோதனை வேண்டியிருந்தது.

வேறொரு வைத்தியரின் அறிவுரைப்படி 2018 வைகாசியிற் சருமப் பரிசோதனை செய்வித்தோம். தும்மலுக்குக் கொடுத்துவந்த மருந்தைச் சில நாட்கள் முன்னரே நிறுத்தவேண்டியிருந்தது. முன்னங்கையின் உட்புறத்தில் வரிசையாகத் துளிகளை இட்டு, ஒவ்வொன்றினூடாகவும் ஊசிமுனையால் தோலை மெல்லக் குத்தினார்கள். ஒன்று வெறும் உப்புநீர். ஒன்று எவர்க்கும் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின். இவ்விரண்டும் ஒப்புநோக்குவதற்காம். 15 நிமிடம் சொறியாதிருக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம். அப்பம்மா அவளை மடியில் வைத்து, நரி திராட்சை பறிக்கப்போன கதையை மூன்றுமுறை சொல்லி முடித்தார். பூனைக்குரிய துளி நுளம்பு கடித்தது போலத் தடித்திருந்தது. அதற்கு இரண்டு துளி தள்ளி, அதனினும் பெரிதாய் ஒரு தடிப்பு. அது தூசிச் சிற்றுண்ணிக்குரியது.

வீட்டுத் தூசியினால் வரும் தொய்வுக்கு அதிலே வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகளே காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் நிறுவினர். இவை நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலால் ஈர்த்தே உயிர்வாழ்கின்றன. ஈரப்பதன் ஐம்பது வீதத்தின் கீழ்ச் சென்றால் நாளடைவில் வற்றி மடியும். தெஹிவளையில் அவ்வாறு ஈரம் வற்றும் காலம் ஏது? அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றிவந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மகள் பிறந்த நாள்தொட்டு அப்பம்மாவோடு படுத்தது அதன் மேல்தான். பூனையும் அவர்களின் காலடியிற் படுத்தது.

வைத்தியர் பூனையை விடுவிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தொய்வுள்ள பிள்ளைக்குப் பூனை ஒவ்வாததெனில் அது வீட்டில் இல்லாதிருப்பதே மேல் என்றார். ஆனால் மெத்தையை வைத்துக்கொண்டு பூனையை மட்டும் அனுப்புவது பாதி வேலை என்றும் சொன்னார். பிராணிகளோடு வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை குறையும் என்று நண்பர் ஒருவர் கூறியதை அவரிடம் கேட்டேன். ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன; ஏற்கெனவே நோய் வந்துவிட்ட பிள்ளைக்கு அந்த வாதம் உதவாது என்றார். இன்ஹேலரை ஸ்பேசர் குழாய் மூலம் ஒழுங்காகக் கொடுக்கும் முறையையும் அவரே கற்பித்தார். இன்ஹேலர் பழகினால் விடமுடியாது என்று எங்கள் சுற்றத்தார் அச்சுறுத்தியதால், அதுவரை அதனை அரைமனத்தோடு பயன்படுத்தி வந்தோம். இந்த ஒரு மூடத்தனத்தால் பிள்ளை பட்ட துன்பம் பூனையால் பட்டதனினும் குறைவென்று சொல்ல மாட்டேன்.

பரிசோதனை முடிவை அம்மாவுக்கு நானே விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப என்ர மெத்தையுந்தான்" என்றார். மறுநாட் காலை, நாங்கள் எழுமுன்னரே, மெத்தையை ஒழுங்கை முகப்புவரை தனியே இழுத்துச் சென்று குப்பை வண்டி வரும் இடத்திற் போட்டிருந்தார். அப்பாவோடு வாழ்ந்த காலத்து மெத்தை அது. அதைப் பற்றி அதன் பின் அவர் பேசியதில்லை. திரைச்சீலைகளைக் கழற்றினோம். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் கொதிநீரிற் போட்டெடுத்தோம். சுவரைக் கழுவினோம். ஆவணி, புரட்டாதியளவில் இரவுகள் அமைதியாயின.

மோனை வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்டது. அம்மா ஞாயிறுதோறும் 100 அல்லது 101 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி, சிறு பாத்திரத்தில் அவித்த சூடை மீனோடு அங்கே செல்லத் தொடங்கினார். நண்பனின் தாயாரும் அவரும் சிநேகிதிகளாகிவிட்டனர். ஆறு ஆண்டுகளாகக் கொழும்பில் அவருக்கு வாய்க்காத ஒன்றைப் பூனை தேடிக்கொடுத்தது. 2020 மார்ச்சு 20 தொடங்கி மே மாதக் கடைசிவரை ஊரடங்கினால் அவரால் வெளியே செல்ல இயலவில்லை. அந்நாட்களில் நண்பனின் தாயார் தொலைபேசியைப் பூனையின் காதருகே பிடிப்பாராம். இங்கிருந்து இவர் "மோனை, மோனை" என்பார். அது என்ன செய்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்கத் துணியவில்லை.

ஊரடங்கு நீங்கிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் போய்த் திரும்பியபோது நான் வீட்டில் இருந்தேன். முன்வாசலால் அவர் வரவில்லை. வழமைபோல வீட்டைச் சுற்றிப் பின்புறம் சென்று, அங்கே கொடியில் தொங்கிய மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். ஆறு வயது மகள் குசினிப் படியில் வந்து நின்றாள்.

"அப்பம்மா, மோனை சாப்பிட்டதோ?"

"சாப்பிட்டது பிள்ளை. உள்ளுக்குப் போய் நில்லு. நான் இன்னும் தலை தோயேல்லை."