ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

என் வண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் சத்தம் போட்டது. மற்ற நாட்களில் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போய்வரும்போது இன்ஜின் பட்டுப்போல ஓடும். ஞாயிறு மதியம் கறி வாங்கக் கிளம்பினால், இடதுபக்கம் ஹெட்டுக்குக் கீழே சன்னமாக ஒரு 'ஜிர்ர்' கேட்கும். கொஞ்சம் முறுக்கினால் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி வரும்.

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மெஷினுக்குக் கெழமை தெரியாது தம்பி. ஞாயித்துக்கெழம வேற என்ன மாறுதுன்னு பாக்கலாம்" என்றார்.

அண்ணன் தொழில் கற்றது திருவொற்றியூரில், புல்லட் மெக்கானிக் ஒருவரிடம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவம் கேட்ட 350 சிசி புல்லட்டுக்காகத் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் டேப்பெட் வைப்பதற்கு, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் தேவையில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் உச்சிக்கு வந்து இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். அப்போது புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. 2009-இல் வந்த கிளாசிக் மாடலின் புது இன்ஜினில் டேப்பெட் ஹைட்ராலிக் ஆகிவிட்டது. ஆயில் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். அந்த நிறுவனம் 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை திறந்தது. அண்ணனும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். விரலால் பார்க்கிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எந்த வண்டி வந்தாலும் முதலில் இன்ஜின் மேல் கையை வைப்பார்.

சத்தத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் வாயால் செய்து காட்டுவார்கள். டக்டக், கிர்கிர், ஙொய்ங். அண்ணன் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கேள்விகளைத் தொடங்குவார். எப்போ வருது? ஆறின இன்ஜின்லயா, சூடு ஏறின பிறகா? நின்னுக்கிட்டிருக்கும்போதா, இழுக்கும்போதா? கிளட்ச்சைப் பிடிச்சா போவுதா? எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதில்தான் நோய் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கும் இப்போது அதுதான் நம்பிக்கை.

காலையில் ஆறிப்போன இன்ஜினில் 'லொடலொட'வென்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால் பிஸ்டன் போரில் தளர்ந்திருக்கிறது. அது உடனே கவிழ்த்துவிடாது, கொஞ்ச காலம் ஓட்டலாம். சூடேறிய பிறகு, மேட்டில் இழுக்கும்போது ஆழத்திலிருந்து 'தொம்தொம்' என்று இடித்தால் கனெக்டிங் ராடின் அடிப் பேரிங். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்கு வரக்கூடாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். நியூட்ரலில் நிற்கும்போது வலதுபக்கம் கடகடத்து, கிளட்ச்சைப் பிடித்ததும் நின்றுபோனால் கிளட்ச் ஹவுசிங். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது முறுக்கினால் மட்டும் கண்ணாடிக் குண்டுகள் உரசுவதுபோலக் கேட்டால் அது நாக்கிங். இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், கியரைக் குறைத்தாலே பாதி போய்விடும்.

டேப்பெட் சத்தத்தைப் பிரித்தறிய ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும் இன்ஜினில் கிராங்க் விநாடிக்கு 20 முறை சுற்றும். வால்வைத் திறக்கும் கேம் அதில் பாதி, 10 முறைதான். ஆகவே கேம் பக்கத்துச் சத்தம் நிதானமான தாளத்தில் வரும், கிராங்க் பக்கத்துச் சத்தம் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் வரும். ஆனால் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருந்தால் அதுவும் அச்சு அசல் டேப்பெட் மாதிரியே 'டிக்டிக்' என்று அடிக்கும். அதற்கும் கேமின் தாளமே. அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் அண்ணன் ஹெட்டைத் தொடவே மாட்டார்.

என் வண்டிக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் நடந்தன. ஆறின இன்ஜினா என்றால், தினமும் விடியற்காலையில் ஆறின இன்ஜினைத்தான் கிளப்புகிறேன். ஹெல்மெட் மறைக்கிறதா என்றால், ஞாயிறும் ஹெல்மெட் போடுகிறேன். பெட்ரோல் பங்க் மாறவில்லை. எடை ஏறியதா என்றால், ஞாயிறு பின்னால் யாரும் உட்காருவதில்லை. கடைசியில், "ஒரு நாள் ஷிப்ட் விட்டதும் நேரா இங்க வா" என்றார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் போனேன். அண்ணன் வண்டியை ஸ்டாண்டு போட்டுக் கிளப்பினார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹெட்டின் இடதுபக்கம் ஊன்றி, பிடியைத் தன் காதின் பின்எலும்பில் அழுத்திக்கொண்டார். "டைமிங் செயின். நல்லாவே கேக்குது பாரு" என்று என்னிடம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் உறுமுவது தெரிந்தது. அந்த 'ஜிர்ர்' இல்லை. இல்லையே அண்ணே என்றேன். அவர் கடைப் பையனைப் பார்த்தார். பையன், "சத்தமாவே கேக்குது அண்ணே" என்றான். அவன் தன் போனில் அதைப் பதிவுசெய்து எனக்கு அனுப்பினான். அங்கேயே நின்று காதோடு ஒட்டிக் கேட்டேன். அப்போதும் எனக்குக் கேட்கவில்லை. அதே பதிவை ஞாயிறு மதியம் வீட்டுத் திண்ணையில் போட்டேன். 'ஜிர்ர்' என்று தெளிவாக ஓடியது.

வண்டி தினமும்தான் சத்தம் போட்டிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள்தான் என் காது அதைக் கேட்கும் நிலையில் இருந்திருக்கிறது.

நான் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறேன். இந்தச் சாலையின் இருபக்கமும் ஓடும் கார், பைக், லாரித் தொழிற்சாலைகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் உதிரிபாகக் கம்பெனிகளில் ஒன்று. பவர் பிரஸ் வரிசையாக அடிக்கும் கூரைக்குக் கீழே பக்கத்தில் நிற்பவரின் பேச்சு கேட்காது. கையால்தான் பேசிக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல இருக்கும், அதற்குள் ஒரு சில்வண்டு விடாமல் இரையும். தூங்கி எழுந்தால் குறைந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் இப்படித்தான் என்றார்கள். எனக்கும் பழகிப்போயிற்று.

அந்தப் பஞ்சடைப்புக்கு மருத்துவத்தில் விளக்கம் உண்டு. உள்காதின் நத்தைச்சுருளில் மயிர்போன்ற நுனி கொண்ட செல்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. ஓயாத இரைச்சலில் அவை களைத்துப் படுத்துவிடும். இரைச்சலைவிட்டு விலகிப் பல மணி நேரம் இருந்தால் நிமிர்ந்துகொள்ளும். ஓவர்டைம் சேர்ந்த வாரங்களில் எனக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. சனி இரவு வந்து படுத்து, ஞாயிறு மதியம் வெளியே போகும்போதுதான் முழு ஓய்வு கிடைத்த காதோடு வண்டியில் ஏறியிருக்கிறேன். இப்படித் திரும்பத் திரும்பக் களைத்தால் ஒரு கட்டத்தில் அந்த செல்கள் செத்துவிடும், மறுபடி முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்திலுள்ள மேல்சுரங்கள். டைமிங் செயினின் உரசல் அந்த உயரத்தில் இருக்கிறது. குழந்தையின் குரலில் கூர்மையாக இருப்பதும் அங்கேதான்.

இதுவரை வீட்டில்கூடச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். என் மகள் பின்னாலிருந்து பேசினால், பேசுகிறாள் என்பது தெரியும், என்ன சொல்கிறாள் என்பது தெரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். ஃபேக்டரியில் மருத்துவ முகாம் வந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, ஒலி கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கேட்காதபோதும் அழுத்தியிருக்கிறேன். காது போய்விட்டது என்று காகிதத்தில் வந்தால் வேலை போய்விடும் என்ற பயம். ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் பெரியது.

காது அடைப்பான் தராமல் இல்லை, தந்தார்கள். போடாததற்கும் காரணம் உண்டு, அது சோம்பல் இல்லை. பிரஸ்ஸில் நிற்கிறவனுக்கு அடியின் ஓசைதான் கண். டை விரிசல் விடப்போகிறது என்றால் 'தட்' என்பது ஒரு நொடி முன்பே 'தண்' என்று மாறும். அதைக் கேட்டு நிறுத்தியவன் கையைக் காப்பாற்றிக்கொள்கிறான். அடைப்பானைப் போட்டால் அந்த மாற்றம் தெரியாது என்று நினைத்தோம். பிறகு தெரிந்துகொண்டேன், சரியாகப் போட்ட அடைப்பான் எல்லா ஓசையையும் சேர்த்துத்தான் குறைக்கும், மாற்றம் அப்போதும் கேட்கும். நாங்கள் போட்டதே அரைகுறை. ஃபோம் அடைப்பானை விரலால் இறுக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். எங்களுக்கு யாரும் அதைச் செய்து காட்டியதில்லை. ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டதோடு சரி.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு வைத்த எல்லை 90 டெசிபல். 95 ஆனால் 4 மணி நேரம்தான், 100 ஆனால் 2 மணி நேரம்தான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் அட்டவணையில் இரைச்சலால் வரும் காது கேளாமையையும் சேர்த்திருந்தார்கள். இழப்பீடு கேட்கக்கூடிய தொழில்நோய்களிலும் அது உண்டு. எங்கள் ஷாப்பில் அதைக் கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. வலி இல்லை, ரத்தம் இல்லை, விரல் போகவில்லை. அவரவர் வீட்டில் டிவி சத்தம் மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது. இதே சாலையில், செய்து முடித்த இன்ஜினைப் பூட்டிய அறைக்குள் ஓடவிட்டு, அதிர்வுமானி ஒட்டி, ஒரு பேரிங் ஓசை பிசகினாலும் பிடித்துத் திருப்பி அனுப்பும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்த இன்ஜினுக்குத் தகடு அடித்தவனின் காதுக்கும் அதே கவனம் வேண்டும் என்று கேட்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அண்ணன் வண்டியைப் பிரித்தார். மேக்னட் கவரைக் கழற்றிப் பார்த்தபோது செயின் நீண்டிருந்தது, கைடு ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தது, டென்ஷனரின் தண்டு பாதியில் சிக்கி வெளியே வர மறுத்தது. மூன்றையும் சேர்த்து மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும் என்பார். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் செயின் ஒரு பல் தாவி, வால்வும் பிஸ்டனும் மோதியிருக்கலாம்.

பிறகு டேப்பெட்டையும் பார்த்தார். "இறுக்கி வச்சுடுங்க அண்ணே, இனி சத்தமே வேண்டாம்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டேப்பெட் லேசாக டிக்கடித்தால் பயமில்லை, இறுகிப்போய்ச் சத்தமே இல்லாமல் இருப்பதுதான் பயம் என்றார். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுசாக மூடாது. மூடி உட்காரும்போதுதான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்கும். உட்காராத எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் கருகும், அதுவரை வண்டி சத்தமில்லாமல் ஓடும். சொல்லிவிட்டு ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்து, தகடு லேசான பிடிப்போடு நழுவுவதை என் விரலாலேயே உணர வைத்தார்.

இப்போது வண்டியை அப்படித்தான் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை, விடுமுறை நாளில், காது ஓய்ந்த பிறகு. ஸ்டாண்டு போட்டு, ஹெட்டின் மேலும் கிராங்க் கேஸின் இருபக்கமும் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்க்கிறேன். ஆழத்து இடி கைக்கு நன்றாகத் தெரிகிறது. சன்னமான உரசல் தெரிவதில்லை, அதற்கு என் மகளைக் கூப்பிடுகிறேன். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அவளிடம் ஏன் கேட்கிறேன் என்பதையும் இந்தக் கட்டுரை வெளிவருவதற்குள் சொல்லிவிடுவேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு காது மருத்துவரிடம் ஆடியோகிராம் எடுத்தேன். இந்த முறை கேட்டதற்கு மட்டும் பட்டனை அழுத்தினேன். வரைபடத்தில் கோடு நேராக வந்து 4,000-இல் பள்ளமாக இறங்கி மறுபடி கொஞ்சம் ஏறியது, இடது காதில் பள்ளம் இன்னும் ஆழம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். ஷாப்பில் புதிதாக வரும் பயிற்சிப் பையன்களுக்கு அடைப்பான் உருட்டுவதை நானே செய்து காட்டுகிறேன். அந்த வரைபடத்தின் நகலை லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் காட்டுவேன்.

அண்ணனிடமும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். சைலன்சர் இல்லாத இன்ஜின்களுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் அவர் கழித்த வருஷங்கள் என்னுடையதைவிட அதிகம். சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலில்லாமல் இருக்க வேண்டும் என்றேன். அவர் கடைக்கு ஞாயிறுதான் கூட்டம். அடுத்த ஞாயிறு கடையை மூடிவிட்டுத் திங்கள் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். டோக்கன் நான் போட்டுவிட்டேன்.