"போதும்" என்றால் போதுமா?

மாமியாரைப் பற்றி மருமகள் எழுதுகிறாள் என்றதும், "சரி, ஆரம்பித்துவிட்டாள்!" என்று நினைத்துவிடாதீர்கள். இது என் மாமியார் மேல் நான் படிக்கும் குற்றப் பத்திரிகை அல்ல. என் மேல் நானே படித்துக்கொள்வது.

2019-ம் வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அத்தை கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று வலது கையிலிருந்த கீரை நழுவி விழுந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், நாக்குக் குழறியது. வாய்கூடச் சற்றுக் கோணியிருந்தது.

"வெறும் வயிற்றில் இருந்தால் இப்படித்தான், அத்தை. பித்தமாக இருக்கும். கொஞ்சம் படுத்துக்கொள்ளுங்கள்" என்று படுக்க வைத்துவிட்டு, நான் பாட்டுக்கு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் இவர் ஆபீஸிலிருந்து வந்து பார்த்துப் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான், அது பித்தம் அல்ல, பக்கவாதம் என்று தெரிந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டுவிட்டதாம்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் துவண்டு கிடந்தன. ஊரையே கூட்டி வைத்துக் கதை சொல்லும் அத்தையிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. "போதும்!"

எதைக் கேட்டாலும் "போதும்." சாதம் ஊட்டினால் இரண்டாவது கவளத்திலேயே "போதும்." பாவம், பசியில்லை போலிருக்கிறது என்று நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அத்தையின் கண்களில் நீர் முட்டும். உடம்பை நினைத்து அழுகிறார் என்று எண்ணிக்கொள்வேன்.

ஊரிலிருந்து வந்த கொழுந்தனார், "அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அண்ணி. இனி எதுவும் புரியாது" என்றார். கட்டில் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அம்மாவை யார் எத்தனை மாதம் வைத்துக்கொள்வது, ஊரிலுள்ள வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணனும் தம்பியும் பேசினார்கள். அத்தை மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை!

இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் அத்தையின் எதிரே உட்கார்ந்து, நிதானமாக, "அம்மா, ஜன்னல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். அத்தை இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். "உங்கள் மருமகள் எங்கே?" என்னைக் காட்டினார். "உங்களுக்கு என்ன வேண்டும்?" "போதும்" என்றார் அத்தை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்கள் அத்தைக்குப் புத்தி போகவில்லை, அம்மா. பேச்சுதான் போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு. அவர் கையில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு காசு. அதைக் கொடுத்துத்தான் எல்லாச் சாமானையும் வாங்கப் பார்க்கிறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இத்தனை நாளும் அவர் சொன்ன "போதும்" என்பதற்கு "இன்னும் கொஞ்சம் போடு" என்று அர்த்தமா? ஒரு வயதான மனுஷியை அரை வயிற்றோடு போட்டிருந்தேனா? கட்டில் பக்கத்தில் பிள்ளைகள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்து, மனத்திலும் பதிந்திருக்கிறதா?

அன்றிலிருந்துதான் மூளையைப் பற்றிப் புத்தகங்களைப் புரட்டிப் படிக்க ஆரம்பித்தேன். நம் தலைக்குள் இருப்பது சுமார் 1,400 கிராம் எடைதான். உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு. ஆனால் உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்கு அதற்கே வேண்டியிருக்கிறது. அதனால்தான் ரத்தம் வரும் வழி அடைபட்டால் சில நிமிஷங்களிலேயே மூளையின் அணுக்கள் மடியத் தொடங்கிவிடுகின்றன.

நீங்கள் ரசம் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை முதலில் போடுவது, எதை அப்புறம் போடுவது என்று திட்டமிடுவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதி. ரசம் நுரை கூடி வருவதைக் காண்பது கண் என்றாலும், கண்டதைப் புரிந்துகொள்ளும் இடம் பின்மண்டைப் பக்கம். சிந்தாமல் பாத்திரத்தை இறக்கக் கைக்கு நிதானம் தருவது பிடரிக்கு மேலுள்ள சிறுமூளை. இத்தனைக்கும் நடுவில் உங்களுக்கு ஞாபகமில்லாமலே மூச்சை நடத்திக்கொண்டிருப்பது அடியிலுள்ள முகுளம். மூளையின் இடப் பாதி உடம்பின் வலப் பக்கத்தை ஆள்கிறது. வலப் பாதி இடப் பக்கத்தை. பெரும்பாலோருக்குப் பேச்சும் இடப் பாதியில்தான். அத்தைக்கு வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போனதன் காரணம் இதுதான்.

1861-ல் பாரிஸில் ப்ரோகா என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தார். இருபத்தொரு வருஷமாக அவர் வாயில் வந்தது "டான்" என்ற ஓசை ஒன்றுதான். ஆனால் பிறர் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. அவர் இறந்ததும் ப்ரோகா மூளையைப் பரிசோதித்தார். இடப் பாதியின் முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் ப்ரோகாவின் பெயர்தான். 1874-ல் ஜெர்மனியின் வெர்னிக்கே என்ற டாக்டர், இதற்கு நேர்மாறானவர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இராது. பிறர் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது. அவர்களுக்குப் பழுது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால். இந்த இரண்டு இடங்கள் மட்டுமல்ல, இன்னும் பல பகுதிகள் கைகோத்துத்தான் பேச்சு உண்டாகிறது என்று இப்போது கண்டிருக்கிறார்கள்.

வீட்டில் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். அத்தையின் வார்த்தையை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கத் தொடங்கினேன். காபியையும் பாலையும் எதிரே வைத்து, "எது, அத்தை?" என்பேன். விரலால் காட்டுவார். காபிதான்! இவரும் கொழுந்தனாரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஊரிலுள்ள வீட்டை விற்கட்டுமா என்று அவரிடமே கேட்டார்கள். அத்தை பலமாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். விற்கவில்லை.

ஒரு நாள் என் பெண் தன் கைக்குழந்தையை அத்தையின் பக்கத்தில் கிடத்தினாள். குழந்தை சிணுங்கியது. உடனே அத்தை தாலாட்டுப் பாடத் தொடங்கினார், வார்த்தைகளோடு! எங்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பேச முடியாத சிலரால் பாட முடியும் என்றும், ராகத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சை வரவழைக்கும் ஒரு பயிற்சியை 1973-லேயே அமெரிக்காவில் வெளியிட்டார்கள் என்றும் சொன்னாள். அதன்படி "தண்ணீர் வேண்டும்" என்பதை ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்டித் தினமும் பாடினோம்.

சகோதரிகளே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் யாருக்காவது முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சுக் குழறினால், என்னைப் போல் பித்தம் என்று படுக்க வைத்துவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தை நான் சமையலறையில் கழித்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அத்தைக்குச் சாம்பார் சாதம் பிசைந்து கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். முகத்தைச் சுளித்தார். உதடு துடித்தது. வழக்கமான வார்த்தைதான் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"உப்பு!" என்றார் அத்தை.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் அவர் சொல்லாத குறை இல்லை. ஆனால் ஒரு குறையைக் கேட்டு நான் ஆனந்தக் கண்ணீர் விட்டது அன்றுதான்.

உப்பு அன்று நிஜமாகவே கொஞ்சம் தூக்கல்தான்.