வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

திருச்சியில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஈ.சி. பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கச் சான்றைப் பார்த்துவிடலாம். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை என்று பதிவானதெல்லாம் அதில் வரும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்து வருடமாகக் கட்டாமல் விட்ட மெயின்டனன்ஸ் பாக்கி அதில் வராது. அது இருப்பது சங்கச் செயலாளரின் நோட்டில்.

எடமலைப்பட்டி புதூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டை விற்க முடிவுசெய்த டீச்சருக்கு, அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் இது உறைத்தது.

அவர் தனியார் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பென்ஷன் கிடையாது. கணவர் இருந்தவரை மாதம் பிறந்ததும் மெயின்டனன்ஸைக் கட்டிவிடுவார். 2020-ல் அவர் இறந்தபின் டீச்சர் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருந்துவிட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு விட மனசு வரவில்லை. பஞ்சப்பூரில் 2025 மே மாதம் புதிய பேருந்து முனையம் திறந்ததும் எ.புதூர் பக்கம் வீடு தேடி ஆட்கள் வர ஆரம்பிக்க, தரகர் மூலமாக ஓர் இளம் தம்பதி வந்தார்கள். விலை பேசி, மூன்று மாதக் கெடுவில் அக்ரிமென்ட் போட்டு, மூன்று லட்ச ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தார்கள். கணவரின் சிகிச்சைக்காக அடகு வைத்த நகைகளை அந்தப் பணத்தில்தான் டீச்சர் மீட்டார். அதாவது, விற்பனை நின்றால் திருப்பிக் கொடுக்கக் கையில் பணமில்லை.

தம்பதிக்குக் கடன் தர வேண்டிய வங்கி, சங்கத்திடமிருந்து ‘பாக்கி இல்லை’ என்று ஒரு கடிதம் கேட்டது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பொதுவாக இதைக் கேட்கமாட்டார்கள். பழைய ஃபிளாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது வங்கிகள் கேட்பதுண்டு.

செயலாளர் நோட்டைப் புரட்டிக் கணக்கு சொன்னார். மாதம் 1,500 ரூபாய் வீதம் 58 மாதங்களுக்கு 87,000. லிஃப்ட் பழுதுக்கு வீட்டுக்கு 25,000. பெயின்ட் அடித்ததற்கு 30,000. தாமதக் கட்டணம் 18,000. ஆக மொத்தம் 1,60,000 ரூபாய். “இது தவிர, வீடு கைமாறினா டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் 25,000, டீச்சரம்மா.”

“ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கு சார் லிஃப்ட் காசு? ஒரு சொட்டுத் தண்ணி செலவழிச்சிருப்பேனா?”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தக் கட்டடத்தில் 12 வீடுகள். மூன்று பூட்டிக் கிடக்கின்றன. வாட்ச்மேன் சம்பளமும் பொது மின்கட்டணமும் ஒன்பது வீடுகளின் தலையில்தான் விழுந்தன. மோட்டார் எரிந்துபோன கோடையில், தரைத்தளத்தில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநரின் குடும்பமும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. லிஃப்ட்டில் ஏறாத குடும்பம் அது. செயலாளர் இதைச் சொன்னபோது டீச்சரால் பதில் சொல்ல முடியவில்லை.

சட்டமும் பூட்டுக்குச் சலுகை தருவதில்லை. பொது இடங்களைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லிப் பொதுச் செலவிலிருந்து விலக முடியாது என்கிறது மகாராஷ்டிராவின் 1970-ம் வருட அடுக்குமாடிச் சட்டம். கட்டாத தொகை அந்த வீட்டின் மேலேயே பொறுப்பாக நிற்கும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1994-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 2022-ம் வருடச் சட்டம், 2024 மார்ச் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதெல்லாம் போக, 1882-ம் வருடச் சொத்து மாற்றச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாங்குபவரால் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை, விற்பவர் தெரிந்தே மறைக்கக் கூடாது என்கிறது அது. பாக்கியைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்குபவரும் ‘அது பழைய ஓனர் பாடு’ என்று இருந்துவிட முடியாது. மின்கட்டண விஷயத்தில் உச்ச நீதிமன்றமே 2023 மே மாதம், கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில், பழைய உரிமையாளர் வைத்த பாக்கியைப் புது இணைப்பு கேட்கும் புது உரிமையாளரிடம் விதிகளின்படி கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். நெவாடா மாகாணத்தில், குடியிருப்போர் சங்கம் பாக்கிக்காக வீட்டை ஏலம் விட்டால் வங்கியின் முதல் அடமானமே அடிபட்டுப் போகலாம் என்று அந்த மாகாண உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. நம் ஊரில் அவ்வளவு தூரம் போவதில்லை. கடிதம் தராமல் இழுத்தடிப்பதுதான் இங்கே ஆயுதம். கெடு நெருங்கும்போது அதுவே போதும்.

டீச்சர் இரண்டு நாள் யோசித்தார். மகள், “அம்மா, கேக்கறதைக் குடுத்து முடிச்சுடு, போதும்” என்றார். டீச்சர் அப்படிச் செய்யவில்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர் அல்லவா, சங்கத்தின் பைலாவை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். மாதச் சந்தா இருந்தது. பழுதுபார்ப்புப் பங்கு இருந்தது. தாமதக் கட்டணமும் இருந்தது. டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் எந்தப் பக்கத்திலும் இல்லை.

“கட்ட வேண்டியதைக் கட்டறேன் சார். இந்த 25,000 எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் காட்டுங்க.”

“முன்னாடி வித்தவங்க எல்லாம் குடுத்தாங்களே…” என்று இழுத்தார் செயலாளர். மும்பையின் கூட்டுறவு வீட்டு சங்கங்களில்கூட இந்தக் கட்டணத்துக்கு 25,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். எழுத்தில் இல்லாத இடத்தில் பழக்கமே விதியாகிவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூடிய பொதுக்குழு, டிரான்ஸ்ஃபர் ஃபீஸைக் கைவிட்டது. தாமதக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். டீச்சரின் மகனிடம் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் படித்தவராம். திருச்சியில் இதெல்லாம் நடக்கும்!

மீதி 1,42,000 ரூபாய். கையில் காசில்லாத டீச்சர் அதை எப்படிக் கட்டுவது? வழி சொன்னவர் பத்திர எழுத்தர். கிரயத் தொகையில் அந்த 1,42,000-ஐ மட்டும் தனியாகப் பிரித்து, சங்கத்தின் பெயரிலேயே டிடி எடுத்து, பதிவு நாளன்று கொடுத்துவிடுவது. கொடுத்த கையோடு ரசீதையும் ‘பாக்கி இல்லை’ கடிதத்தையும் வாங்கிக்கொள்வது. இதை அக்ரிமென்ட்டோடு ஒரு துணை ஒப்பந்தமாக எழுதி, மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஏற்பாட்டின் நகலை வங்கியும் ஏற்றுக்கொண்டது. வாங்கிய பையன் கூடுதலாக ஒன்று கேட்டான்: பதிவு நாள் வரைக்குமான பாக்கி பிறகு எது தெரியவந்தாலும் அது டீச்சருடைய பொறுப்பு என்று ஒரு வரி. டீச்சர் மறுக்கவில்லை. அவர் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பத்திரம் பதிவானது.

சங்கத்துக்கு வந்த பணத்தில் புது மோட்டார் வாங்கினார்கள். ஒன்பது வீட்டுக்காரர்களும் கூடுதலாகக் கொடுத்ததை அடுத்த மாதச் சந்தாக்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறார்கள். இன்னும் இரண்டு வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒருவர் துபாயில், இன்னொருவர் பெங்களூரில். செயலாளர் இருவருக்கும் பாக்கிக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். துபாய்க்காரர் பாதியை உடனே அனுப்பிவிட்டார். பெங்களூரிலிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்திருக்கிறது.